கோதுமை படாத தானியம்: கடற்கரையில் ஒரு சந்தை

மாமல்லபுரத்துக்கும் புதுச்சேரிக்கும் விடுமுறையில் வருகிறவர்களுள் ஒரு சிறு கூட்டம் உண்டு. ஓட்டலில் உட்கார்ந்ததும் இவர்கள் விலையைப் பார்ப்பதில்லை. பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "இதில் கோதுமை கலந்திருக்கிறதா?" என்று கேட்கிறார்கள். "இல்லை சார், இது அரிசி" என்று அவர் நல்லெண்ணத்தோடுதான் பதில் சொல்கிறார். ஆனாலும் அந்தப் பதில் அவர்களுக்குப் போதுவதில்லை. ஏன் போதவில்லை என்பதைக் கலசப்பாக்கம், போளூர் பக்கத்துச் சிறு விவசாயிகள் தெரிந்துகொள்வது நல்லது. இந்தக் கூட்டத்துக்கு வேண்டிய தானியம் அவர்களுடைய வயலிலும், மேற்கே தெரியும் ஜவ்வாது மலைச் சரிவிலும் விளைகிறது. கலசப்பாக்கத்திலிருந்து திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரிக்குச் சரக்கு போய்ச் சேர ஒரு பகல் போதும்.

கோதுமை மாவைப் பிசைந்தால் ரப்பர் போல இழுபடுகிறது. பரோட்டாவை வீசி விரிக்க முடிவதும், ரொட்டி உப்புவதும் இதனால்தான். இந்த இழுவையைத் தருவது குளூட்டன் என்னும் புரதம். பசையம் என்றும் சொல்வார்கள். பார்லியிலும், ரை என்ற மேல்நாட்டுத் தானியத்திலும் இதே இனத்தைச் சேர்ந்த புரதம் இருக்கிறது. பெரும்பாலோருக்கு இதனால் ஒரு தீங்கும் இல்லை. சிலருக்கு மட்டும், பிறவியிலேயே அமைந்த ஒரு கூறு காரணமாக, இது சிறுகுடலின் உட்புறச் சவ்வை அரித்துவிடுகிறது. அதற்குச் சீலியாக் நோய் என்று பெயர். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. குழந்தை வளராது. பெரியவர்களுக்குச் சோகையும் எலும்புத் தேய்வும் வரும். இந்நோயைத் தீர்க்க மாத்திரை இல்லை. கோதுமையையும் பார்லியையும் ஆயுள் முழுதும் அறவே விலக்குவது ஒன்றே வைத்தியம்.

இதைக் கண்டுபிடித்த விதம் விவசாயிகள் கேட்க வேண்டிய கதை. ஹாலந்து நாட்டில் டிக்கே என்ற குழந்தை மருத்துவர் 1930களிலேயே ரொட்டியின் மேல் சந்தேகம் கொண்டிருந்தார். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலமான 1944-45இல் அந்த நாட்டில் கடும் பஞ்சம் வந்தது. ரொட்டி கிடைக்கவில்லை. கிடைத்ததைத் தின்று ஊரே வாடியபோது, இந்த நோய் கண்ட குழந்தைகள் மட்டும் தேறினார்கள். போர் முடிந்து கோதுமை ரொட்டி திரும்பியதும் அவர்கள் மறுபடியும் படுத்தார்கள். 1950இல் டிக்கே தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். அதுவரை இந்தக் குழந்தைகளுக்கு வாழைப்பழம் முதலாகப் பல பத்தியங்களைப் பரீட்சித்து வந்தார்கள்.

வேலூர் சொன்ன செய்தி

இது வெள்ளைக்காரர் நோய் என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். டெல்லியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் நடந்த ஆய்வு ஒன்று 2011இல் வெளிவந்தது. ஏறக்குறைய 96 பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருப்பதாக அது காட்டியது. பிறகு 2016இல் வந்த ஆய்வு இன்னும் சுவையானது. வடக்கு, வடகிழக்கு, தெற்கு என மூன்று பகுதிகளில் 23,000க்கும் அதிகமான ஆரோக்கியமான பெரியவர்களைப் பரிசோதித்தார்கள். தெற்குக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட ஊர் வேலூர். கலசப்பாக்கத்துக்குப் பக்கத்து வீடு என்றே சொல்லலாம்.

வடக்கில் நூற்றுக்கு 1.23 பேருக்கு நோய் இருந்தது. தெற்கில் ஆயிரத்துக்கு ஒருவருக்குத்தான். பிறவிக்கூறு வேறாக இருக்குமோ என்று பார்த்தால், அது வடக்கிலும் தெற்கிலும் மூன்றில் ஒருவருக்குச் சற்று மேலாக, கிட்டத்தட்ட ஒரே அளவில் இருந்தது. வேறுபட்டது சாப்பாடு. வடக்கே ஒருவர் நாளொன்றுக்கு 455 கிராம் கோதுமை சாப்பிட்டார். தெற்கே 25 கிராம். சோற்றுப் பானையும் களிச் சட்டியும் தென்னாட்டவரைக் காத்து வந்திருக்கக்கூடும் என்று எண்ண இது இடம் தருகிறது.

இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. முதலாவது, கடற்கரைக்கு வரும் கூட்டத்தில் யார் யாருக்கு இந்தக் கவலை இருக்கும் என்பது. வெளிநாட்டார் மட்டுமல்ல, டெல்லி, பஞ்சாப், அரியானா பக்கத்திலிருந்து பிள்ளை குட்டிகளோடு வருகிறவர்களும் உண்டு. தங்கள் ஊரில் மூன்று வேளையும் கோதுமை மணக்கும் வீட்டில், ஒரு பிள்ளைக்கு மட்டும் தனிச் சட்டி வைத்துச் சமைத்துப் பழகியவர்கள் அவர்கள். அரிசி நாட்டுக்கு வந்துவிட்டோம், இங்கே பயமில்லை என்று நினைத்து வருகிறார்கள். இரண்டாவது செய்தி இந்தப் பக்கத்துப் பிள்ளைகளைப் பற்றியது. அதற்குப் பின்னால் வரலாம்.

தட்டில் ஒளிந்திருக்கும் கோதுமை

அரிசி நாட்டில் பயமில்லை என்பது பாதிதான் உண்மை. இட்லி, புட்டு, இடியாப்பம், ஆப்பம் எல்லாம் அரிசியும் உளுந்தும் தேங்காயுமாக நிற்பவை. அவற்றின் மேல் குற்றம் இல்லை. இட்லியின் மேல் ஊற்றும் சாம்பாரில்தான் வில்லங்கம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெருங்காயப் பால் சிறிதளவே இருக்கும். காரம் தணிக்கக் கருவேலம் பிசினும் மாவும் சேர்ப்பார்கள். அந்த மாவு பெரும்பாலும் கோதுமை அல்லது மைதா. டப்பாவின் பின்புறம் பொடி எழுத்தில் அது எழுதியிருக்கும். ஒரு சிட்டிகைதானே என்று மற்றவர் நினைக்கலாம். நோயாளிக்கு அது சாம்பார், ரசம், மோர்க்குழம்பு என்று மூன்று தரம் தட்டுக்கு வருகிறது.

தோசை அரிசிதான். ஆனால் அதே கல்லில் சற்று முன்பு ரவா தோசையோ சப்பாத்தியோ பரோட்டாவோ வெந்திருக்கும். ரவா தோசையின் ரவை கோதுமை என்பது பல ஓட்டல்காரர்களுக்கே நினைவுக்கு வருவதில்லை. மீன் வறுவலுக்கு அரிசி மாவு போடும் கடையும் உண்டு, மைதா போடும் கடையும் உண்டு. பஜ்ஜி கடலை மாவில் இருந்தாலும், அது மிதக்கும் எண்ணெயில் சமோசாவும் மைதா போண்டாவும் குளித்திருக்கும். பாயசத்தில் சேமியா. கேசரியில் ரவை. புதுச்சேரியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பிரெஞ்சுக்காரர் விட்டுச் சென்ற ரொட்டிப் பழக்கம் அந்த ஊரில் தெருவுக்குத் தெரு மணக்கிறது.

இவற்றைவிடப் பெரிய ஏமாற்றம் சிறுதானியம் என்ற பெயரில் விற்கும் பலகாரங்கள். ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு ராகி பிஸ்கட், தினை நூடுல்ஸ், சாமை சேமியா என்று கடைகள் நிரம்பின. பொட்டலத்தைத் திருப்பி, சேர்மானப் பட்டியலைப் படித்தால் பலவற்றில் முதல் பெயர் கோதுமை மாவு அல்லது மைதாவாக இருக்கும். எடை அதிகமானது முதலில் வர வேண்டும் என்பது விதி. ஆகவே முதலில் நிற்பதுதான் சரக்கு. முகப்பில் படமாக இருக்கும் கேழ்வரகுக் கதிர் அலங்காரம். இது விவசாயிக்கும் நஷ்டம். அவருடைய தானியத்தின் பெயரைச் சொல்லி வேறு மாநிலத்துக் கோதுமை விற்கிறது. கேழ்வரகை முளைகட்டி அரைக்கும் ராகி மால்ட் இந்தக் கணக்கில் சேராது. அது நல்ல சரக்கு. பார்லி மால்ட் சேர்ந்த டப்பா பானங்கள்தான் ஆகாதவை.

இல்லாததே செல்வம்

கலசப்பாக்கம் வட்டாரத்தில் செய்யாற்றுப் பாசனத்திலும் ஏரி, கிணற்றுப் பாசனத்திலும் நெல் விளைகிறது. மானாவாரியில் நிலக்கடலை. மலையில் சாமையும் கேழ்வரகும். பாரம்பரிய நெல் விதைகளைத் திரட்டிப் பரப்பும் வேலையும் இந்த ஊரில் நடந்து வருகிறது. திருவண்ணாமலைக்கு அருகில் அத்தியந்தலில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இருக்கிறது, ஏ.டி.எல்.1 என்ற சாமை ரகம் அந்த ஊர்ப் பெயரைத் தாங்கி வந்ததுதான். நெல், சாமை, கேழ்வரகு, தினை, வரகு, கம்பு, சோளம், மக்காச்சோளம், நிலக்கடலை ஆகிய எதிலும் குளூட்டன் இல்லை.

இவ்வளவும் எல்லோருக்கும் தெரிந்த பெருமைகள். யாரும் எண்ணிப் பார்க்காத ஒரு பெருமை, இந்த மண்ணில் கோதுமை விளைவதில்லை என்பது. வட மாநிலங்களில் ஒரே வயலில் ஒரு பருவம் கோதுமை, மறு பருவம் கம்பு. ஒரே கதிரடிக்கும் இயந்திரம், ஒரே களம், ஒரே கிடங்கு. எவ்வளவு கவனமாக இருந்தாலும் கம்பில் கோதுமை மணி கலந்துவிடும். அமெரிக்காவில் 2010இல் ஒரு சிறு ஆய்வு செய்தார்கள். இயற்கையாகவே குளூட்டன் இல்லாத தானியம், பருப்பு, மாவு வகைகளில் 22 மாதிரிகளைக் கடையில் வாங்கிச் சோதித்ததில் 7 மாதிரிகளில் குளூட்டன் வரம்பைத் தாண்டியிருந்தது. சிறுதானிய மாவும் அதில் அடக்கம். வயலிலும் வண்டியிலும் மில்லிலும் ஒட்டிக்கொண்ட கோதுமைதான் காரணம்.

கலசப்பாக்கத்து வயலில் அந்தத் தொல்லை இல்லை. கதிரடிக்கும் இயந்திரம் பக்கத்து ஊரிலிருந்து வந்தாலும் அது அடித்தது நெல்லாகத்தான் இருக்கும். வயலில் இருந்து களம் வரை தானியம் சுத்தம். இது பணம் கொடுத்து வாங்க முடியாத தகுதி. இந்தத் தகுதியை விவசாயி எங்கே இழக்கிறார் என்பதுதான் கேள்வி.

மில் வாசலில்

மாவு மில்லில்தான். கோதுமை இந்தப் பக்கம் விளையாவிட்டாலும் ரேஷன் கடை வழியாக வீட்டுக்கு வருகிறது. வந்த கோதுமை அரைபடுவது கேழ்வரகும் இடியாப்ப அரிசியும் அரைபடும் அதே இயந்திரத்தில். மில்லுக்குப் போகும் பெண்களுக்கு இது நன்றாகத் தெரியும். தூக்கை இறக்கி வைக்குமுன், "முன்னே என்னண்ணா அரைச்சீங்க?" என்று கேட்பது வழக்கம். கோதுமை என்றால், ஒரு பிடி அரிசியை முதலில் போட்டு ஓட்டி, விழும் மாவைத் தனியே ஒதுக்கச் சொல்வார்கள். நிறமும் மணமும் கெடக்கூடாது என்பதற்காக ஏற்பட்ட பழக்கம் அது. வீட்டுச் சமையலுக்கு அது போதும். நோயாளிக்குப் போதாது.

கணக்கைப் பார்த்தால் புரியும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி, குளூட்டன் இல்லாதது என்று எழுதி விற்கும் பண்டத்தில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது. உலக அளவிலும் இதுவே வரம்பு. கோதுமை மாவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குளூட்டன். அப்படியானால் 100 கிலோ கேழ்வரகு மாவில் 20 கிராம் கோதுமை மாவு சேர்ந்தாலே வரம்பு எட்டிவிடும். 20 கிராம் என்பது ஒரு கைப்பிடிகூட இல்லை. மில்லின் கல் இடுக்கிலும், மாவு இறங்கும் துணிக் குழாயிலும், அடியில் வைக்கும் தகர டப்பாவிலும் அதைவிட அதிகமாக ஒட்டியிருக்கும். ஒரு கிலோ கோதுமை மாவு சிதறினால் 5 டன் மாவின் தகுதி போயிற்று. இந்தக் கணக்கை மில்காரரிடம் சொன்னால் அவர் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும், கணக்கு மாறாது.

இன்னொரு வழி சாக்கு. மைதா வந்த சாக்கும், ரேஷன் கோதுமை வந்த சாக்கும் மலிவாகக் கிடைக்கின்றன என்று சாமையை அதில் கட்டுகிறார்கள். சணல் இழைக்குள் நிற்கும் மாவு உதறினாலும் போகாது. சாக்கு விலையில் மிச்சம் பிடிக்கும் சில ரூபாய், மூட்டையின் தகுதியைத் தின்றுவிடுகிறது.

மாவாக வேண்டாம், மணியாகப் போகட்டும்

மதிப்புக் கூட்டி விற்க வேண்டும் என்று எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். மாவாக்கு, பிஸ்கட்டாக்கு, பொட்டலம் போடு என்பதுதான் அதற்கு அவர்கள் கொடுக்கும் பொருள். இந்தச் சந்தையைப் பொறுத்தவரை அந்த யோசனை தலைகீழானது. இங்கே அரைக்காமல் இருப்பதுதான் மதிப்பு. தானியத்தை மணியாகவே கடற்கரைக்கு அனுப்புவது மேல்.

ஒரு கோதுமை மணியின் எடை சுமார் 40 மில்லிகிராம். அதில் குளூட்டன் 4 மில்லிகிராம். ஒரு கிலோ சாமையில் 5 கோதுமை மணிகள் கலந்தால் வரம்பு எட்டும். ஆனால் சாமை அரிசி எவ்வளவு சிறியது, கோதுமை மணி எவ்வளவு பெரியது! சல்லடை ஒன்றே போதும், பிரித்துவிடலாம். கேழ்வரகும் அப்படியே. நெல்லரிசியில் கலந்தால் முறத்தில் போட்டுப் புடைக்கும் கைக்குத் தப்பாது. அரிசியைக் கழுவலாம், மேலே படிந்த தூசும் போய்விடும். மாவாகிவிட்டால் சல்லடையும் இல்லை, முறமும் இல்லை, கழுவலும் இல்லை. கண்ணால் பார்த்து எது கோதுமை, எது அரிசி என்று சொல்ல எவராலும் ஆகாது.

புதுச்சேரியிலும் மாமல்லபுரத்திலும் சமையலறையோடு கூடிய அறை எடுத்துத் தங்கும் குடும்பங்கள் இருக்கின்றன. வெளியூர்க்காரர் நடத்தும் சிறு உணவு விடுதிகளும் இருக்கின்றன. இவர்களுக்கு ஒரு கிலோ, இரண்டு கிலோ பைகளில் சாமை அரிசி, சீரகச் சம்பா, முழுக் கேழ்வரகு கொடுக்கலாம். ஈர அரிசியை ஓட்டல் கிரைண்டரிலேயே ஆட்டிக்கொள்வார்கள். அதில் பெரும்பாலும் கோதுமை அரைபடுவதில்லை. உடன் அனுப்பத் தகுந்த இன்னொன்று கடலை மிட்டாய். வெல்லமும் நிலக்கடலையும் தவிர ஒன்றும் வேண்டாம்; பாகைக் கொட்டும் பலகையில் மைதா தூவாமல் அரிசி மாவோ நல்லெண்ணெயோ தடவினால் சரி. கடற்கரையில் பசித்து அழும் பிள்ளைக்கு, பிஸ்கட் கொடுக்க முடியாத தாய் எதைக் கொடுப்பாள் என்று யோசித்தால் இதன் அருமை தெரியும்.

மாவும் வேண்டும் என்று சந்தை கேட்டால், அப்போது கோதுமையே நுழையாத தனி மில் வேண்டும். ஒரு விவசாயியால் ஆகாது. உழவர் உற்பத்தியாளர் குழுவோ மகளிர் சுய உதவிக் குழுவோ செய்யலாம். பழைய இயந்திரத்தை வாங்கிக் கழுவிப் பயனில்லை. புதிதாகவே வாங்க வேண்டும். உணவு பதப்படுத்தும் குறு நிறுவனங்களுக்காக 2020இல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில், இயந்திரச் செலவில் 35 சதவீதம், 10 லட்சம் ரூபாய் உச்சவரம்பில் மானியம் என்று விதி வைத்தார்கள். விண்ணப்பம் ஏற்கும் காலத்தை மாவட்டத் தொழில் மையத்திலோ வேளாண் வணிகத் துறை அலுவலகத்திலோ கேட்டறிந்த பிறகே இயந்திரத்துக்கு முன்பணம் கட்ட வேண்டும். "ஒரே ஒரு நாள், ரேஷன் கோதுமை மட்டும் அரைத்துக் கொடுங்கள்" என்று வரும் உறவுக்காரரைத் திருப்பி அனுப்பும் மன உறுதி இருக்கிறதா என்பதையும் குழு முன்கூட்டியே யோசித்துக்கொள்வது நல்லது. மானியத்தைவிட இதுதான் கடினம்.

எழுதுமுன் சோதனை

தன் நிலத்தில் விளைந்ததை விளைந்தபடி விற்கும் விவசாயியை 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் தன் வரம்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது. அரைத்து, பையில் கட்டி, பெயர் அச்சிட்டு விற்கத் தொடங்கியதும் பதிவு வேண்டும். குளூட்டன் இல்லாதது என்ற வார்த்தையை அச்சிட வேண்டுமானால், எலிசா முறையில் ஆய்வகச் சோதனை செய்து சீட்டு கையில் இருக்க வேண்டும். ஒரு தரம் சோதித்துவிட்டு ஆண்டு முழுதும் அதே சீட்டைக் காட்டுவது சரியல்ல. மாவு அரைத்த ஒவ்வொரு தொகுதிக்கும் பார்ப்பதே முறை. அதுவரை, விளைந்த ஊர், தானியத்தின் பெயர், புதுச் சாக்கு, மில்லில் அரைக்காதது என்ற நான்கு உண்மைகளை மட்டும் எழுதினால் போதும். விவரம் தெரிந்தவர் அதைப் படித்துத் தாமே முடிவு செய்துகொள்வார். பொய்யாக எழுதிய ஒரு பையால் ஒரு குழந்தை வாரக் கணக்கில் வயிற்றுப்போக்கோடு கிடக்கும். நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் தொடர்ந்து உள்ளே போனாலே நோயாளியின் குடல் கெடுகிறது என்று 2007இல் இத்தாலியில் செய்த சோதனை காட்டியது.

இத்தாலியைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்று வேளையும் ரொட்டியும் பாஸ்தாவும் தின்னும் அந்த நாடு 2005இல் இதற்கென்றே சட்டம் இயற்றியது. மருத்துவர் உறுதி செய்த நோயாளிக்குக் குளூட்டன் இல்லாத உணவு வாங்க அரசாங்கமே மாதந்தோறும் உதவித் தொகை கொடுக்கிறது. கோதுமையை விற்றுப் பிழைக்கும் நாட்டுக்கே அந்தப் பொறுப்பு இருக்கிறதென்றால், கோதுமையே விளையாத மாவட்டம் வெட்கப்படாமல் முன்வரலாம்.

இது பணக்காரர் மோகம், நாலு நாளில் போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. நோய் எதுவும் இல்லாமல், உடம்பு இளைக்கும் என்று நம்பிக் கோதுமையை விட்டவர்கள் மேல்நாட்டில் ஏராளம். அந்த மோகம் வரும், போகும். அதை நம்பி விவசாயி கடன் வாங்கி இயந்திரம் போடக்கூடாது என்பதற்காகவே மணியாக விற்கும் யோசனை. மோகம் போனாலும் நோயாளி போகமாட்டார். ஒரு முறை நம்பிக்கை வைத்த இடத்திலேயே ஆயுள் முழுதும் வாங்குவார். அதே சமயம், சரக்கை விற்பதற்காகக் கோதுமை விஷம் என்று பிரசாரம் செய்வதும், சாமை சாப்பிட்டால் சர்க்கரை நோய் ஓடிவிடும் என்று பலகை மாட்டுவதும் வேண்டாத வேலை. ஆயிரம் பேரில் 999 பேர் சப்பாத்தி சாப்பிட்டுச் சௌக்கியமாக இருக்கிறார்கள்.

அந்த ஆயிரத்தில் ஒருவர் இந்த வட்டாரத்திலும் இருப்பார் என்பதுதான் முன்பு தள்ளிவைத்த இரண்டாவது செய்தி. பிறவிக்கூறு வடக்கில் இருக்கும் அளவுக்கு இங்கேயும் இருக்கிறது. குறைவாக இருந்தது கோதுமைதான். இன்று கலசப்பாக்கம் கடைத்தெருவில் மாலையானால் பரோட்டாக் கல் சூடாகிறது. வீட்டில் இரவுக்குச் சப்பாத்தி, பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் பையில் பிஸ்கட். 25 கிராம் என்ற கணக்கு வளர்ந்துகொண்டே போகிறது. ஆகவே நெடுநாள் வயிற்றுப்போக்கு, இரும்புச்சத்து மாத்திரைக்கும் அடங்காத சோகை, வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாமை ஆகியவை ஒரு பிள்ளையிடம் சேர்ந்து காணப்பட்டால், பூச்சி மருந்தோடு நிறுத்தாமல், சீலியாக்குக்கான ரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்பது நலம். பரிசோதனைக்கு முன்பு தாமாகவே கோதுமையை நிறுத்திவிடக்கூடாது. நிறுத்தினால் ரத்தத்தில் நோயின் அடையாளம் மறைந்து, இல்லை என்று முடிவு வந்துவிடும்.

மலையில் ஆடிப் பட்டத்தில் விதைக்கும் சாமை புரட்டாசி, ஐப்பசியில் களத்துக்கு வரும். கடற்கரைக்குக் கூட்டம் சேருவது மார்கழி, தை மாதங்களில். இடையில் இருக்கும் இரண்டு மாதம் புதுச் சாக்கு வாங்கவும், உமி நீக்கும் இயந்திரத்தில் கோதுமை ஏறியதில்லை என்று விசாரித்து உறுதி செய்துகொள்ளவும், ஐந்தாறு விவசாயிகள் சேர்ந்து மாதிரிப் பைகளோடு புதுச்சேரிக்கு ஒரு நடை போய்வரவும் தாராளமாகப் போதும். முதல் தடவை 10 மூட்டைக்கு மேல் எடுத்துப் போக வேண்டாம்.